பாரிஸ் மியூசியம் பாஸ்: அஞ்சு பேருக்கும் வாங்கணுமா, இல்ல தனித்தனி டிக்கெட் போதுமா?

வெயில்மழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட லீவுல பாரிஸ் போறோம், ஹோட்டல் ஃப்ளைட் எல்லாம் முடிஞ்சிருச்சு, இந்த மியூசியம் பாஸ் (ஒரே பாஸை வச்சு நிறைய மியூசியம், நினைவுச் சின்னத்துக்குள்ள போகலாம்) விஷயம் மட்டும் இழுத்துக்கிட்டே இருக்கு. ஞாயித்துக்கிழமை மதியம் போய் சேருவோம், வியாழக்கிழமை காலையில அடுத்த ஊருக்கு ட்ரெயின். நான், வீட்டுக்காரர், மாமியார் (68 வயசு, நல்லா நடப்பாங்க ஆனா முட்டி வலி, படிக்கட்டு ஆகாது), பொண்ணுக்கு 15, பையனுக்கு 9. எல்லாரும் இந்தியன் பாஸ்போர்ட்.

பாக்கணும்னு நினைக்கறது லூவ்ர் மியூசியம், ஓர்சே மியூசியம், வெர்சாய் அரண்மனை, செயின்ட் ஷாப்பெல் தேவாலயம், ஆர்க் டி ட்ரயம்ஃப் (வெற்றி வளைவு), ஈஃபில் டவர். வீட்டுக்காரர் சொல்றது, அஞ்சு பேருக்கும் 4 நாள் மியூசியம் பாஸ் எடுத்துட்டா தலைவலி முடிஞ்சது, எங்கயும் க்யூவுல நிக்க வேணாம்னு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல. வீடியோல எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பாதி வீடியோல கீழ பாஸ் வாங்கற லிங்க் வேற இருக்கு. வாங்கி யூஸ் பண்ணவங்க யாராவது உள்ளது உள்ளபடி சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதல்ல ஒரு விஷயம், குழந்தைங்க ரெண்டு பேருக்கும் பாஸ் வாங்கவே வாங்காதீங்க. லூவ்ர், ஓர்சே, வெர்சாய், செயின்ட் ஷாப்பெல், ஆர்க் எல்லா இடத்துலயும் 18 வயசுக்கு கீழ இலவசம், எந்த நாட்டு பாஸ்போர்ட்டா இருந்தாலும் சரி. இதை தெரியாம பசங்களுக்கும் சேர்த்து காசு கட்டுறவங்க நிறைய பேர், சில தனியார் காம்போ பாஸ்ல சைல்டு பாஸ்னு ஒண்ணு போட்டு வச்சிருப்பாங்க, அதுல பாதிக்கு மேல ஏற்கனவே ஃப்ரீயா இருக்கற இடம்தான். ஆக உங்க கேள்வி அஞ்சு பேருக்கு இல்ல, மூணு பேருக்கு.

ரெண்டாவது, ஈஃபில் டவர் இந்த பாஸ்ல கிடையாது. அதுக்கு எப்படியும் தனியாத்தான் எடுக்கணும், லிஃப்ட் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி அவங்க சைட்லயே திறக்கும். இப்பவே ரிமைண்டர் போட்டு வச்சிருங்க.

மூணாவது, 4 நாள்னு சொல்றாங்களே அது 96 மணி நேரம். முதல் இடத்துல எத்தனை மணிக்கு உள்ள போறீங்களோ அங்க இருந்து கணக்கு ஓடும், நடுவுல நிறுத்தி வைக்க முடியாது. 48 மணி நேரம், 144 மணி நேரமும் இருக்கு. ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான் போகலாம்.

விலை பத்தி: நம்ம பாஸ்போர்ட்காரங்களுக்கு இப்ப கணக்கே மாறிப்போச்சு. 2026 ஜனவரியில இருந்து ஐரோப்பிய பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும்) வெளிய இருந்து வர்றவங்களுக்கு லூவ்ர் டிக்கெட் 32 யூரோ, முன்னாடி எல்லாருக்கும் 22 தான். வெர்சாய், செயின்ட் ஷாப்பெல்லயும் இதே மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட் வந்துருச்சு. அதனால 2023, 2024ல எழுதுன ப்ளாக்ல "பாஸ் நஷ்டம்"னு இருந்தாலும் "லாபம்"னு இருந்தாலும் ரெண்டையும் நம்பாதீங்க, அன்னைக்கு பாஸ் விலையும் வேற டிக்கெட் விலையும் வேற. ஒரே நாள்ல எல்லா அஃபிஷியல் சைட்டையும் திறந்து வச்சுக்கிட்டு நீங்களே கூட்டிப் பாருங்க.

கூட்டும்போது ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. பாஸே இல்லைன்னாலும் காசு குடுத்து கண்டிப்பா போவேன்னு தோணுற இடத்தை மட்டும் எழுதுங்க. பாஸ் இருந்தா அப்படியே இதையும் பாத்துரலாமேன்னு தோணுற இடம் எதையும் அந்த லிஸ்ட்ல சேர்க்காதீங்க. 50க்கு மேல இடம் இருக்குங்கற விளம்பரம் நம்மளை இழுக்கறது அங்கதான்.

மெதுநடை எழுதியது:

நான் பாஸ் வேணாம்னு சொல்ற கட்சி. காசு கூட ரெண்டாம்பட்சம், பாஸ் கையில இருந்தா அது நம்மளை ஓட வைக்கும். மணி ஓடிக்கிட்டே இருக்குல்ல, லூவ்ர்ல இருந்து அடிச்சு பிடிச்சு வெளிய வந்து, சாப்பிடாம கொள்ளாம அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு. லூவ்ர்ல காட்சிக்கு வச்சிருக்கறதே சுமார் 35,000 பொருள். அதுக்குள்ள மோனா லிசா ரூமுக்கு மட்டும் போய் கூட்டத்துக்கு மேல போனை தூக்கி போட்டோ எடுத்துட்டு வர்றதுக்கு எதுக்கு அங்க போகணும். ஒரு நாளைக்கு பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு, அதுக்கு மேல பெரியவங்களையும் 9 வயசு பையனையும் வச்சுக்கிட்டு பாத்தா எதுவும் மனசுல நிக்காது.

அதோட பாரிஸ்ல காசே இல்லாம பாக்கறதுக்கு அவ்வளவு இருக்கு. நோத்ர் டாம் தேவாலயம் 2019 தீ விபத்துக்கு அப்புறம் 2024 டிசம்பர்ல திறந்தாங்க, உள்ள போக காசு கிடையாது. சாக்ரே கேர் தேவாலயமும் அப்படித்தான், மேல கோபுரத்துக்கு ஏறணும்னாதான் டிக்கெட். நகரத்தோட வரலாறு சொல்ற கார்னவாலே மியூசியம், பெத்தி பாலே கலை மியூசியம், ரெண்டுலயும் நிரந்தரக் காட்சி இலவசம். பெத்தி பாலே கட்டடமே 1900 உலகக் கண்காட்சிக்காக கட்டுனது, நடுவுல ஒரு தோட்டம், மாமியாரை அங்க உக்கார வச்சா சந்தோஷப்படுவாங்க.

சன்னலோரம் எழுதியது:

@மெதுநடை நீங்க சொல்றதுக்கு நேர் எதிரா இருந்துச்சு எங்க அனுபவம், அதனால இதை சொல்லியே ஆகணும். பாஸ் இருந்ததாலதான் நாங்க நிதானமா பாத்தோம். தனி டிக்கெட் எடுத்தா குடுத்த காசுக்கு முழுசா பாத்துட்டுதான் வெளிய வரணும்னு ஒரு பிடிவாதம் வந்துரும். பாஸ்ல அது இல்ல. ரோடான் மியூசியத்துக்கு போய் தோட்டத்துல சிந்தனையாளர் சிலைக்கு பக்கத்துல உக்காந்துட்டு, உள்ள ஒரு ரவுண்டு சுத்திட்டு வந்துட்டோம், குத்த உணர்ச்சியே இல்ல. பாந்தியோனுக்குள்ள நடந்து போற வழியில சும்மா நுழைஞ்சோம், கீழ நிலவறையில விக்டர் யூகோ, மேரி க்யூரி சமாதி எல்லாம் இருக்கு, பூமி சுத்துறதை காட்டற ஃபூக்கோ ஊசல் மேல இருந்து தொங்கி ஆடிக்கிட்டு இருக்கு, என் பையன் பிசிக்ஸ் படிக்கறவன், அவனை அங்க இருந்து கிளப்பவே முடியல. தனியா டிக்கெட் எடுக்கணும்னா இதை நாங்க லிஸ்ட்லயே சேர்த்திருக்க மாட்டோம்.

அதனால "பாஸ் இருந்தா போவேன்"ங்கற இடத்தை கணக்குல சேர்க்காதன்னு சொல்றது பண விஷயத்துல சரி, ஆனா எங்களுக்கு மனசுல நின்னது அந்த இடங்கதான்.

பரிஸ்வாசி எழுதியது:

வணக்கம், நான் இஞ்ச பரிசிலதான் கன காலமா இருக்கிறன், ஊரில இருந்தும் கனடாவில இருந்தும் சொந்தக்காரர் வரேக்க எல்லாரையும் கூட்டிக்கொண்டு திரியிறது நான்தான். உங்கட நாள்கணக்கைப் பாத்திட்டு எழுதுறன் தங்கச்சி, வடிவா கவனியுங்கோ.

திங்கக்கிழமை ஓர்சே பூட்டு, வெர்சாய் அரண்மனையும் பூட்டு, ரோடானும் பூட்டு. செவ்வாய்க்கிழமை லூவ்ர் பூட்டு, ஓவியர் மொனேயின்ர பெரிய அல்லிக்குளப் படங்கள் இருக்கிற ஓரஞ்செரி மியூசியமும் பூட்டு. நீங்கள் நிக்கிற நாலு நாளில ரெண்டு நாள் இப்பிடிப் போகுது. அதாலதான் செவ்வாய்க்கிழமை எண்டா வெர்சாயில சனம் நெருக்கும், லூவ்ர் இல்லையெண்டு எல்லாரும் அங்கதான் வருவினம். ஏலுமெண்டா வெர்சாயை புதனுக்கு வையுங்கோ. புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு 9 மணி வரைக்கும் திறந்திருக்கும், ஓர்சே வியாழன் இரவுதான் கன நேரம் வரைக்கும் திறந்திருக்கும், அது உங்களுக்கு உதவாது.

பேந்து முக்கியமான கதை. பாஸ் இருந்தா வரிசையில நிக்கத் தேவையில்லை எண்டு உங்கட அவர் சொல்லுறார், அது பழைய கதை. லூவ்ர், வெர்சாய், செயின்ட் ஷாப்பெல், ஓரஞ்செரி இந்த இடங்களுக்கு பாஸ் வைச்சிருந்தாலும் நேரம் பதிஞ்சு வரவேணும். பாஸ்காரருக்கெண்டு விடுற நேரங்கள் கெதியா முடிஞ்சிடும், அதிலயும் லீவு காலத்தில. நேரம் இல்லாமல் வந்து வாசலில நிண்டு சண்டை பிடிக்கிற ஆக்களை நான் எத்தினையோ தரம் கண்டிருக்கிறன், பாவமா இருக்கும், ஆனா உள்ள விடமாட்டினம். அதோட செக்யூரிட்டி வரிசை எல்லாருக்கும் ஒண்டுதான். செயின்ட் ஷாப்பெல் நீதிமன்ற வளாகத்துக்குள்ள இருக்கிறபடியால் அங்க சோதனை இன்னும் கடுமை. கத்தி, கத்தரிக்கோல் ஒண்டும் பையில கொண்டு போகாதேங்கோ.

ஆனபடியால் முதல்ல நேரம் காலியா இருக்கோ எண்டு பாருங்கோ, பேந்து பாஸை வாங்குங்கோ. மாறிச் செய்தால் பாஸ் கையில இருக்கும், லூவ்ருக்குள்ள போக ஏலாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அண்ணன் சொன்ன நாள் கணக்கை வச்சு ஒண்ணு யோசிச்சேன். 4 நாள் பாஸ் வேண்டியதே இல்ல. 48 மணி நேரம்ங்கறது மூணு காலண்டர் நாளை தொடும், அதை யூஸ் பண்ணுங்க.

ஞாயிறு மதியம் வர்றீங்க, அன்னைக்கு பாஸை தொடாதீங்க, நோத்ர் டாம், ஆத்தங்கரைன்னு சும்மா சுத்துங்க. திங்கள் காலை 11 மணி வாக்குல லூவ்ர், அங்க இருந்துதான் மணி ஓட ஆரம்பிக்கும். சாயங்காலம் செயின்ட் ஷாப்பெல். செவ்வாய் ஓர்சே, அப்புறம் சாயங்காலம் ஆர்க் டி ட்ரயம்ஃப். புதன் காலையில வெர்சாய்க்கு 9 மணி, 9:30 ஸ்லாட் பிடிச்சுட்டா 48 மணி நேரத்துக்குள்ள உள்ள போயிருவீங்க. உங்க லிஸ்ட்ல ஈஃபில் தவிர எல்லாம் முடிஞ்சுது. இதுல லூவ்ர் 32, ஓர்சே ஆன்லைன்ல 16, அதுக்கு மேல வெர்சாய், ஷாப்பெல், ஆர்க். அஞ்சும் உண்மையிலயே போறதா இருந்தா 2 நாள் பாஸ் பக்கம்தான் தராசு சாயும். லூவ்ரையும் வெர்சாயையும் எடுத்துட்டா சாயாது, இந்த பாஸை தாங்கி நிக்கற தூணே அந்த ரெண்டும்தான்.

மெதுநடை எழுதியது:

திங்கக்கிழமை லூவ்ரும் ஷாப்பெல்லும் ஒரே நாள்லயா? 68 வயசு அம்மாவை வச்சுக்கிட்டா? கணக்கு பேப்பர்ல நல்லா இருக்கு சகோ, முட்டி பேப்பர் இல்லையே. லூவ்ர்ல ஒரு விங்ல இருந்து இன்னொரு விங் போறதுக்குள்ள கால் கெஞ்சும். ஷாப்பெல்ல அந்த 15 கண்ணாடி ஜன்னலும் மேல் மாடியில இருக்கு, அதுக்கு போற வழி ஒடுக்கமான வளைஞ்ச படிக்கட்டு. ஆர்க் 284 படி. அவங்க இந்த ரெண்டையும் எப்படி பாப்பாங்க?

அதோட 48 மணி நேரத்தை இப்படி இழுத்து பிடிச்சு ப்ளான் போட்டா ஒரு ட்ரெயின் லேட்டானாலும் போச்சு. 2025 ஜூன்ல ஒரு திங்கக்கிழமை லூவ்ர் ஊழியர்கள் திடீர்னு வேலையை நிறுத்துனதுல காலையில திறக்கவே இல்ல, டிக்கெட் வச்சிருந்தவங்க வாசல்ல இருக்கற கண்ணாடி பிரமிட்டுக்கு வெளிய மணிக்கணக்கா நின்னாங்க. அப்படி ஒரு நாள் உங்களுக்கு அமைஞ்சா என்ன செய்வீங்க?

கணக்குப்பிள்ளை எழுதியது:

படிக்கட்டு பாயிண்ட் ரொம்ப சரி. அப்படின்னா அம்மாவுக்கு பாஸே வேணாம். பாஸ்னா குடும்பமே ஒரே மாதிரி வாங்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல, ஆளுக்கு ஆள் வேற கணக்கு. அவங்களுக்கு ஓர்சே ஒரு டிக்கெட், வெர்சாய் ஒரு டிக்கெட், விருப்பம் இருந்தா லூவ்ர். சீனியர்னு தனி சலுகை இந்த இடங்கள்ல எதிர்பார்க்காதீங்க. நீங்களும் வீட்டுக்காரரும் பாஸ் எடுங்க, பசங்களுக்கு ஃப்ரீ. ஒரே மணிக்கு எல்லாருக்கும் ஸ்லாட் பிடிக்கறது மட்டும் கொஞ்சம் வேலை, பாஸ்காரங்களுக்கு, டிக்கெட்காரங்களுக்கு, இலவச பசங்களுக்குன்னு தனித்தனியா க்ளிக் பண்ணணும். பசங்க ஃப்ரீங்கறதால ஸ்லாட் வேணாம்னு விட்டுராதீங்க, அவங்களுக்கும் ஜீரோ யூரோ டிக்கெட் எடுத்தே ஆகணும்.

@மெதுநடை வேலைநிறுத்தம் நடந்தா தனி டிக்கெட் எடுத்தவங்களுக்கும் அந்த நாள் போனது போனதுதான். ஆனா தனி டிக்கெட்டுக்கு காசு திரும்ப கேக்கறது சுலபம், பாஸ்ல ஒரு இடம் மூடியிருந்துச்சுன்னு காசு கேக்க முடியாது. அந்த வகையில நீங்க சொல்றதை ஒத்துக்கறேன்.

மாலைவண்டி எழுதியது:

நடுவுல நுழையறேன், என் கேள்வி கொஞ்சம் வேற. நான் ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிக்கறேன், வயசு 24, ரெசிடென்ஸ் பர்மிட் இருக்கு. எனக்கும் பாஸ் லாபமா?

பரிஸ்வாசி எழுதியது:

தம்பி, ஒரு சதமும் செலவழியாதேங்கோ. 18இல இருந்து 25 வயசு வரைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில வதிவிட அனுமதியோட இருக்கிற ஆக்களுக்கு லூவ்ர், ஓர்சே, வெர்சாய், ஆர்க் எல்லாம் இலவசம். இந்தியன் பாஸ்போர்ட் எண்டாலும் உங்கட பெர்மிட்தான் கணக்கு. அட்டையை கையில வைச்சிருங்கோ, நேரம் பதியேக்க அந்த வகையைத் தெரிவு செய்யுங்கோ. 26 வயசாகிறதுக்கு முதல் ஓடி வாங்கோ.

மாலைவண்டி எழுதியது:

அண்ணா நிஜமாவா!! ஒரு ட்ராவல் சைட்ல பாஸ் கார்ட்ல போட்டு பே பண்ற வரைக்கும் போயிட்டேன். ரொம்ப நன்றி.

சன்னலோரம் எழுதியது:

பாத்தீங்களா, இதை எந்த பாஸ் விக்கற பக்கத்துலயும் பெருசா போட மாட்டாங்க. இன்னொண்ணு, வெயில்மழை, நீங்க வர்றது ஞாயிறுன்னீங்க, அது மாசத்தோட முதல் ஞாயிறான்னு பாருங்க. ஓர்சே, ஓரஞ்செரி முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், ஸ்லாட் மட்டும் முன்கூட்டி பிடிக்கணும். வெர்சாயும் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் முதல் ஞாயிறு ஃப்ரீ. லூவ்ர் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மேல ஃப்ரீ, ஜூலை ஆகஸ்ட் தவிர. அப்படி ஒண்ணு அமைஞ்சா கணக்குப்பிள்ளையோட கூட்டல் கழித்தல் மொத்தமும் மாறிரும்.

பழைய வீடியோ பாத்து பாம்பிடூ சென்டரையும் (நவீனக் கலை மியூசியம்) லிஸ்ட்ல சேர்த்துராதீங்க, 2025 செப்டம்பர்ல மராமத்துக்காக மூடிட்டாங்க, 2030 வரைக்கும் திறக்காது.

தூரதேசம் எழுதியது:

இழையை முழுசா படிச்சேன். மத்த ஊருக்கும் இதே மாதிரி பாஸ் பாக்கறவங்களுக்காக ரெண்டு வரி. ஒவ்வொரு ஊர் பாஸும் வேற வேற மாதிரி, ஒரு ஊர் அனுபவத்தை இன்னொரு ஊருக்கு தூக்கிட்டு போகாதீங்க. லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் எல்லாம் சும்மாவே ஃப்ரீ, அங்க பாஸ் வாங்கறதுன்னா டவர் ஆஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் அபி மாதிரி காசு வாங்கற இடத்துக்கு எத்தனை போவீங்கங்கறதுதான் கேள்வி, அதோட லண்டன் பாஸ் மணிக்கணக்கு இல்ல, காலண்டர் நாள், சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பிச்சா அந்த நாளே போச்சு. ரோமா பாஸ்ல வாத்திகன் மியூசியம் கிடையாது, அது தனி நாடுங்க. ஆம்ஸ்டர்டாம் சிட்டி கார்டுல ஆன் ஃப்ராங்க் வீடு கிடையாது. நீங்க எதுக்காக அந்த ஊருக்கு போறீங்களோ அந்த ஒரு இடம் பாஸ்ல இருக்கான்னுதான் முதல்ல தேடணும், மிச்சம் எத்தனை இருந்தா என்ன.

வெயில்மழை எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி, வீட்டுக்காரரை உக்கார வச்சு முழு இழையையும் படிச்சுக் காட்டுனேன். க்யூ இல்லைங்கற நினைப்பு போச்சு அவருக்கு.

இப்ப இப்படி முடிவு பண்ணிருக்கோம். பசங்களுக்கு ஒண்ணும் இல்ல. அத்தைக்கு ஓர்சேயும் வெர்சாயும் தனி டிக்கெட், அவங்க லூவ்ர் வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, அந்த நேரம் எதிர்ல இருக்கற துயிலரி தோட்டத்துல உக்காந்திருப்பாங்க, பொண்ணு கூட இருக்கறேன்னு சொல்றா ஆனா அவளுக்கு லூவ்ர் பாக்க ஆசைன்னு எனக்கு தெரியும், அதனால நானும் அவரும் மாத்தி மாத்தி போகலாம்னு இருக்கோம். மாத்தி போறதுன்னா ரெண்டு வேற வேற நேரம் ஸ்லாட், அதுவும் எனக்கு திங்கள், அவருக்கு புதன் ராத்திரின்னு வச்சா 48 மணி நேரம் அவருக்கு உடையுதே. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருக்கே. உங்க பாஸும் அவர் பாஸும் தனித்தனியா ஓடுறதுதானே, முதல் ஸ்கேன் எப்பங்கறது ஆளுக்கு ஆள் வேற. நீங்க திங்கள் காலை பொண்ணோட லூவ்ர்ல ஆரம்பிங்க. அவர் திங்கள் முழுக்க அம்மா கூட, பாஸை தொடாம. செவ்வாய் ஓர்சேல அவருக்கு ஆரம்பம், புதன் பகல் வெர்சாய், புதன் சாயங்காலம் லூவ்ர் பையனோட, ஷாப்பெல் வேணும்னா செவ்வாய் மதியம். வெர்சாய்ல இருந்து திரும்பி அன்னைக்கே லூவ்ர்ங்கறது அலைச்சல்தான், 9 வயசு பையன் தூங்கி விழுவான், அதை நீங்க யோசிச்சுக்கங்க. முடியாதுன்னா அவருக்கும் பாஸ் வேணாம், ஓர்சே, வெர்சாய், ஷாப்பெல்னு மூணு தனி டிக்கெட்டோட நிறுத்திக்கங்க.

மெதுநடை எழுதியது:

இந்த ப்ளான் எனக்கும் பிடிச்சிருக்கு. முதல்ல சொன்னது அஞ்சு பாஸ், இப்ப ரெண்டு, இல்ல ஒண்ணு. பையனை புதன் ராத்திரி லூவ்ருக்கு இழுக்காதீங்க, அவன் திங்கள் காலையிலயே அம்மா, அக்கா கூட போகட்டும், எகிப்து பகுதியை மட்டும் காட்டுங்க போதும். பாட்டி கூட அப்பா இருக்கட்டும்.

பரிஸ்வாசி எழுதியது:

தங்கச்சி, கடைசியா ரெண்டு மூண்டு சொல்லிப்போட்டுப் போறன். வெர்சாய்க்கு ஆர்.இ.ஆர். சி எண்ட புறநகர் ரெயினில வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ் எண்ட கடைசி நிறுத்தத்தில இறங்குங்கோ, வேற வேற வெர்சாய் ஸ்டேஷன் இருக்கு, மாறி இறங்கினால் அம்மாவுக்கு நடை கூடும். மியூசியம் பாஸில போக்குவரத்து இல்லை. நவிகோ எண்ட ரெயில், பஸ் வாரப் பாஸ் திங்களில இருந்து ஞாயிறு வரைக்கும்தான் ஓடும், ஆனபடியால் ஞாயிறு வந்திறங்கேக்க அதை வாங்காதேங்கோ, அண்டைக்கு தனி ரிக்கற் எடுங்கோ. ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில எண்டா வெர்சாயில நீரூற்றுக் காட்சியோ சங்கீதத் தோட்டமோ நடக்கிற நாளில தோட்டத்துக்கு வேற காசு, பாஸ் செல்லாது, அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ. லூவ்ருக்கு அம்மா மனம் மாறி வந்தாலும் உள்ள சக்கர நாற்காலி இலவசமாத் தருவினம், அடையாள அட்டையை வைச்சிட்டு எடுக்கலாம்.

பிள்ளையளின்ர பாஸ்போர்ட்டை ஹோட்டலில விட்டிட்டு வராதேங்கோ, வயசுக்கு அத்தாட்சி கேப்பினம். 15 வயசுப் பிள்ளை உயரமா இருந்தா கட்டாயம் கேப்பினம்.